எந்த விதையின் எண்ணெய்? உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தாருக்கு வணக்கம்.

மதுரைப் பக்கம் பருத்திப்பால் குடிக்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பாலெடுத்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சுவார்கள். பூச்சியைத் தாங்கும்படி மரபணு மாற்றிய பிடி (Bt) பருத்திக்கு அனுமதி கிடைத்தது 2002இல். இன்று நம் நாட்டில் பருத்தி விளையும் நிலத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் அதுதான். பிடி கத்தரிக்காய் வேண்டுமா என்று ஊர் ஊராகக் கேட்டு, 2010இல் அதை நிறுத்தி வைத்தோம். ஆனால் மரபணு மாற்றிய பயிர் அதற்கு முன்பே பருத்தி வழியாக அடுப்படிக்கு வந்துவிட்டது. குஜராத்தில் பருத்திவிதை எண்ணெய்தான் பல வீடுகளில் அன்றாடச் சமையலுக்கு.

பருத்திப்பால் விற்கும் தள்ளுவண்டிக்காரரிடம் நான் லேபிள் கேட்கவில்லை, பாக்கெட் எண்ணெயைத்தான் சொல்கிறேன். மரபணு மாற்றிய உணவு என்றால் பாக்கெட்டின் மேற்பகுதியில் 'ஜிஎம்' என்று அச்சிட வேண்டும் என்ற விதி 2013இலேயே நடைமுறைக்கு வந்தது. நான் கடையில் திருப்பித் திருப்பிப் பார்த்த எந்த எண்ணெய் பாக்கெட்டிலும் அந்த எழுத்துகள் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில், எண்ணெயில் மரபணுவின் சுவடே இல்லாவிட்டாலும், விதை மரபணு மாற்றியது என்றால் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் 2022இல் லேபிள் கட்டாயமானபோது, மாற்றிய மரபணு கண்டறிய முடியாதபடி சுத்திகரித்த எண்ணெய்க்கு விலக்கு கொடுத்தார்கள். ஜப்பானிலும் எண்ணெய்க்கு விலக்கு உண்டு. எங்கிருந்து வந்தது என்று கேட்பது ஒரு மனம், கடைசியில் கையில் இருப்பது என்ன என்று கேட்பது இன்னொரு மனம்.

நம் மனம் எது என்பதைப் பச்சைப் புள்ளியே சொல்லிவிடுகிறது. முட்டை கலந்த பிஸ்கட் உடம்புக்குக் கெடுதல் என்றா அதில் சைவக் குறி போடாமல் விடுகிறோம்? இல்லையே. எதிலிருந்து வந்தது என்று தெரிந்து சாப்பிடுவது இங்கே பலருக்கு முக்கியம், அவ்வளவுதான். லேபிள் போட்டால் மக்கள் பயந்துவிடுவார்கள் என்று கம்பெனிகள் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அசைவக் குறி போட்டதால் கறி, மீன் வியாபாரம் படுத்துவிடவில்லை. ஜிஎம் உணவு விஷம் என்று நான் சொல்ல வரவில்லை. அது வேறு விவாதம், அது நடக்கட்டும்.

மரபணு மாற்றிய கடுகைப் பயிரிட அனுமதிக்கலாமா என்ற வழக்கில் 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் வேறு வேறு தீர்ப்பு எழுதினார்கள். ஆனால் இறக்குமதியாகும் ஜிஎம் சமையல் எண்ணெய் லேபிள் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றாகவே நின்றார்கள்.

2021 நவம்பரில் நீங்கள் வெளியிட்ட விதி வரைவில், மரபணு மாற்றிய பொருள் 1 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் லேபிள் என்று எல்லை வைத்தீர்கள். சரி, அது இருக்கட்டும். ஆனால் எண்ணெய்க்கு அந்த அளவுகோல் மட்டும் போதாது. ஆய்வகத்தில் மரபணு தென்படாததால் விலக்கு என்று விட்டுவிடாமல், எந்த விதையிலிருந்து பிழிந்தது என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். பச்சைப் புள்ளி இருக்கும் அதே முன்பக்கத்தில், அந்தந்த மாநில மொழியிலும், கண்ணாடி போடாமல் என் அம்மா படிக்கிற அளவில் அச்சிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுக்கு எண்ணெய் வாங்கும் ஒருத்தி