டைகருக்கு இன்னொரு டிரெய்னர் வேண்டாம்

அன்புள்ள கண்ணா,

"பேசாம ஒரு நல்ல டிரெய்னர்கிட்ட விட்டுடுங்கம்மா" என்று நேற்று போனில் சொன்னாயே, அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். நம் நாய் டைகருக்குப் பயிற்சியில் குறையே இல்லைடா. ‘சிட்’ என்றால் உட்காருவான், ‘ஸ்டே’ என்றால் அசையமாட்டான். ஆனால் அப்படி உட்கார்ந்திருக்கும்போது கவனித்துப் பார், பின்னங்கால் நடுங்கும், வால் வயிற்றோடு ஒட்டியிருக்கும், சும்மா சும்மா உதட்டை நக்குவான், எல்லாம் பயம். சொன்ன பேச்சைக் கேட்கிறான், அதனால் நன்றாக இருக்கிறான் என்று பார்க்கிறவர்கள் நினைத்துவிடுகிறார்கள்.

பெங்களூர் பீன்யாவில் கோடவுன் காவலுக்கு வைத்திருந்த நாய். பகலெல்லாம் கூண்டு, ராத்திரியானால் டூட்டி. குட்டி பிறந்து 3 வாரத்திலிருந்து 14 வாரத்துக்குள் பார்க்கிற ஆட்கள், கேட்கிற சத்தம்தான் பயப்பட வேண்டாதவை என்று அதன் மனசில் பதியும். அந்த வயசில் கூண்டுக் கம்பியைத் தவிர எதையும் பார்க்காதவனுக்கு அல்சூரில் நம் வீட்டு மிக்ஸி, குக்கர் விசில், மாடிப்படியில் ஓடுகிற பிள்ளைகள் எல்லாமே புதுசு. இதில் அவனை அதட்டி என்ன ஆகப்போகிறது?

நான் செய்வது இவ்வளவுதான். போனில் குக்கர் விசிலை ரொம்பச் சின்னதாக வைப்பேன், கேட்டதும் வேகவைத்த கோழி ஒரு துண்டு. சத்தம் முதலில், கோழி அப்புறம். இது மாறினால் கோழியைப் பார்த்தே பயப்பட ஆரம்பித்துவிடுவான். கோழியைத் தொடவே இல்லையென்றால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், அன்றைக்கு அதோடு சரி. இப்போது நிஜ குக்கர் விசில் அடித்தால் சமையலறை வாசலுக்கு வந்து என் கையைப் பார்க்கிறான் கண்ணா! முதல் தடவை எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தீபாவளிக்கு வரும்போது குழந்தையிடம் சொல்லிக் கூட்டிவா, ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கக் கூடாது, அவன் மேலே குனியக் கூடாது, கண்ணையே உற்றுப் பார்க்கக் கூடாது. அவனாக வந்து மோந்து பார்த்தால் பார்க்கட்டும். பெரியவர்கள் யாரும் இல்லாமல் ரெண்டு பேரையும் ஓர் அறையில் விடவே மாட்டேன். வெளியே கூட்டிப்போக மார்போடு சேர்த்துக் கட்டுகிற ஹார்னஸில் ஒரு கயிறு, கழுத்துப் பட்டையில் ஒரு கயிறு வாங்கியிருக்கிறேன், பயந்த நாய் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடும், பட்டாசு நேரத்தில் ஓடினால் எங்கே போய்த் தேடுவது. பயத்தைக் குறைக்க மருந்து கொடுக்கலாமா என்று முன்கூட்டியே ஹெப்பாள் கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரியில் கேட்கப்போகிறேன்.

டிக்கெட் போட்டதும் எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று சொல்லு. அவனை முதலிலேயே உள்ளறையில் விட்டுவிடுகிறேன், நீங்கள் பெட்டியெல்லாம் வைத்து, காபி குடித்து உட்கார்ந்த பிறகு கதவைத் திறக்கலாம்.

அம்மா