போனில் பேசாதீங்க என்று சொன்ன மகளுக்கு

பாளையங்கோட்டை,
23.2.2025

பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் கட்டுக்குள் இல்லை. நேற்றுகூட ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்து, பேரன் நினைவாக வாங்கினேன் என்கிறார். பேரன் இருப்பது மேரிலாந்தில்.

இதைப் பெரியம்மா மகன் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவன் பால்டிமோர் வந்ததும் உன் வீட்டில் கொண்டுவந்து தருவான். இட்லிப் பொடி, நார்த்தங்காய், பொடியனுக்குக் கம்மல் வளையம் எல்லாம் அந்தப் பையிலேயே இருக்கிறது. "போன்ல இதெல்லாம் பேசாதீங்கம்மா" என்று நீ சொன்னதால்தான் காகிதத்தில் எழுத உட்கார்ந்தேன். நான் கேட்டது மாப்பிள்ளைக்கு ஆபீஸ் எப்படிப் போகிறது என்று. அதற்கு ஏன் அப்படிப் பதறினாய்? சரி, அங்கே அரசாங்கம் ஒட்டுக்கேட்கும் என்ற பயம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு விடுகிற ஆளா நான். உட்கார்ந்து படித்தேன்.

ஜனவரி 30 ராத்திரி எட்டரை மணியிலிருந்து அந்த துளசி கப்பார்டை செனட் உளவுக் குழு கேள்வி கேட்டதை யூடியூபில் பார்த்தேன். தேசிய உளவுத்துறை இயக்குநர் பதவிக்கு டிரம்ப் முன்மொழிந்த பெண். உன் சித்தி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "நம்ம ஊர்ப் பொண்ணு எப்படிப் பேசுறா பாரு" என்றாள். நம்ம ஊர்ப் பொண்ணு இல்லை, அப்பா சமோவாக்காரர், அம்மாதான் இந்து மதத்துக்கு மாறியவர் என்று எத்தனை தரம் சொன்னாலும் அவள் காதில் ஏறவில்லை. 2013ல் எம்.பி. ஆனபோது பகவத் கீதை மேல் கை வைத்துப் பதவி ஏற்றாராம், சித்திக்கு அது போதும். இந்த மாதம் இயக்குநராகப் பதவி ஏற்ற அன்றே மோடியைப் போய்ப் பார்த்தார் என்று தெரிந்ததும் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள்.

எனக்கு அதெல்லாம் பெரிதாகத் தோன்றவில்லை. இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு 2004ல் சட்டம் போட்டு உண்டாக்கிய பதவி அது, 18 உளவு அமைப்புகளுக்கு மேலே உட்காருகிற நாற்காலி. இந்த அம்மாள் 2020 டிசம்பரில், எம்.பி.யாக இருந்த கடைசி நாட்களில், ஒட்டுக்கேட்கிற சட்டங்களையே ரத்து செய்ய வேண்டும் என்று மசோதா கொண்டுவந்தவர். அமெரிக்க உளவு ரகசியங்களைப் பேப்பர்காரர்களுக்குக் கொடுத்த ஸ்னோடன் மேல் போட்ட வழக்கை வாபஸ் வாங்க வேண்டும் என்றும் அப்போது சொன்னவர். அப்படிப்பட்டவரை ஒட்டுக்கேட்கிறவர்களுக்கே தலைவியாக்கினால் எப்படி என்றுதான் சண்டை. கடைசியில் என்ன ஆயிற்று? பதவி கிடைக்கும் என்றதும், வெளிநாட்டு ஆட்களை ஒட்டுக்கேட்க வழி கொடுக்கிற பிரிவு 702 அவசியம், இப்போது போதுமான பாதுகாப்பு சேர்த்துவிட்டார்கள் என்று பேச்சை மாற்றிக்கொண்டார். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நாற்காலிக்காக மாறுகிறவர்களை நாம் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம், நம் வீட்டிலேயே உண்டு, பெயர் சொல்ல வேண்டாம்.

ஆனால் ஒன்றில் மட்டும் அசையவில்லை. ஸ்னோடன் துரோகியா, ஆமாவா இல்லையா என்று குடியரசுக் கட்சிக்காரர்களும் கேட்டார்கள், ஜனநாயகக் கட்சிக்காரர்களும் கேட்டார்கள். கொலராடோ செனட்டர் பென்னட் குரலை உயர்த்திக் கத்தியே கேட்டார். ஸ்னோடன் சட்டத்தை மீறினார் என்று மட்டும் துளசி திரும்பத் திரும்பச் சொன்னாரே தவிர, அந்த வார்த்தையை வாயில் எடுக்கவில்லை. ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லாமல் ஒரு பெண் இவ்வளவு நேரம் உட்கார முடியுமா என்று அப்பா ஆச்சரியப்பட்டார். என்னைக் கேட்டால் முடியும். ஒரு பெண்ணை வளர்த்திருக்கிறேன்.

பிப்ரவரி 12ல் செனட்டில் 52க்கு 48 என்று ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். குடியரசுக் கட்சியில் மெக்கானல் ஒருவர்தான் எதிர்த்து ஓட்டுப் போட்டவர்.

இனி நம் விஷயம். பிரிவு 702 என்ன சொல்கிறது என்று நிதானமாகப் படித்தேன், அப்பாவிடம் இரண்டு தரம் ஒப்பித்தும் காட்டினேன். 2008ல் வந்த சட்டம். அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிற, அமெரிக்கர் அல்லாத ஆளைத்தான் குறிவைக்கலாம். அதற்கு ஆளுக்கொரு வாரன்ட் வேண்டாம். நீ மேரிலாந்தில் உட்கார்ந்திருப்பதால் இந்தப் பிரிவின் கீழ் உன்னைக் குறிவைக்க முடியாது. பாளையங்கோட்டையில் இருக்கிற உன் அம்மாவைத்தான் முடியும். அதற்கும் என்னிடம் அவர்களுக்கு வேண்டிய வெளிநாட்டு உளவுச் சேதி ஏதாவது இருக்க வேண்டும். என்ன இருக்கிறது என்னிடம்? கீழ வீட்டுக்காரர்கள் மோட்டார் போட்டால் நம் குழாயில் தண்ணீர் வராத சேதிதான் இருக்கிறது. அதை வாஷிங்டன் தெரிந்துகொண்டால் எனக்கு நல்லதுதான்.

சரி, விளையாட்டை விடுகிறேன். நீ பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. குறிவைத்த ஆளோடு பேசுகிறவர் அமெரிக்காவில் இருந்தால் அவர் பேச்சும் கூடவே போய்ச் சேமிப்பில் உட்கார்ந்துவிடும். அப்புறம் எஃப்.பி.ஐ. அங்கே பெயரைப் போட்டுத் தேடலாம். 2,78,000 தடவைக்கு மேல் விதியை மீறித் தேடியிருக்கிறார்கள் என்று 2023 மே மாதம் வெளியான நீதிமன்ற ஆவணத்தில் இருக்கிறது, ஊர்வலம் போனவர்கள், தேர்தலுக்கு நன்கொடை கொடுத்தவர்கள் பெயரெல்லாம் போட்டு. தேடுவதற்கு வாரன்ட் வாங்க வேண்டும் என்று போன ஏப்ரலில் பிரதிநிதிகள் சபையில் திருத்தம் கொண்டுவந்தார்கள். 212க்கு 212. சமமாக நின்றதால் தோற்றுப்போனது. சட்டத்தை 2026 ஏப்ரல் வரை நீட்டிவிட்டார்கள். இந்த ஜனவரியில் ப்ரூக்ளின் நீதிபதி ஒருவரின் தீர்ப்பு வெளிவந்திருக்கிறது, அப்படித் தேடவும் பொதுவாக வாரன்ட் வேண்டும் என்று. அடுத்த வருஷம் மறுபடி சண்டை வரும். அப்போது இந்த அம்மாள் எந்தப் பக்கம் பேசுகிறார் என்று பார்க்கத்தான் போகிறேன்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாங்கள் வெளியூர் கால் இணைத்துக் கொடுத்த ட்ரங்க் போர்டில் பேசியது பேசியதோடு போயிற்று. யாராவது கேட்க வேண்டுமென்றால் அந்த நேரத்தில் காதை வைத்தாக வேண்டும். இவர்கள் முதலில் சேர்த்து வைத்துக்கொள்கிறார்கள், காது அப்புறம். அதுதான் எனக்கு ஒப்பவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். 2013 ஜூனில் ஸ்னோடன் கொடுத்ததில் முதலில் பேப்பரில் வந்தது பேச்சே இல்லை. எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்ற கணக்கை வெரைசன் என்கிற போன் கம்பெனி தினமும் கொடுக்க வேண்டும் என்ற ரகசிய உத்தரவு அது. வெறும் கணக்குதானே, பேச்சையா கேட்டோம் என்றார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. நாங்கள் ட்ரங்க் டிக்கெட்டில் எழுதியது அதைத்தானே? ஊர், நம்பர், நேரம், நிமிஷம். அந்த டிக்கெட்டுகளை ஒரு வாரம் அடுக்கிவைத்துப் பார்த்தால் எந்த வீட்டில் நிச்சயதார்த்தம், எந்தக் கடை நொடிக்கப் போகிறது என்று சொல்லிவிடலாம். ராத்திரி ஆர்டினரி கால் போடுகிறவர் பகல் பதினொரு மணிக்கு, கூடுதல் காசுக்கு உடனே கிடைக்கிற லைட்னிங் கால் கேட்டால், என்ன பேசினார் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

பாப்பா, நீ அனுப்புகிற போட்டோவிலும் நேரம் இருக்கிறது. பொடியன் பொங்கலுக்குப் பிறகு அனுப்பிய படங்களில் அங்கே புதன்கிழமை மத்தியானம், வெள்ளிக்கிழமை காலை. பின்னால் மாப்பிள்ளை சோபாவில் லுங்கியோடு உட்கார்ந்திருக்கிறார். முன்னெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பேசுவாய், இப்போது நாலு நிமிஷம், அதுவும் சமையல் செய்துகொண்டே. உன் வாட்ஸ்அப்பில் கடைசியாகப் பார்த்த நேரத்தை மறைத்துவிட்டாய், நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மே மாதம் நாங்கள் வரலாமா என்றதற்கு "இந்த வருஷம் வேண்டாம்மா" என்றாய். விசாவுக்கு அலைய வேண்டாம் என்றுதான் சொல்கிறாய் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். விண்ணப்பத்தில் ஐந்து வருஷத்து பேஸ்புக் கணக்கெல்லாம் கேட்கிறார்களே, விசா கேட்கிறவர்களைப் பற்றி அந்த 702 சேமிப்பில் தேடிப் பார்க்கவும் போன வருஷச் சட்டத்தில் வழி வைத்திருக்கிறார்களே. அப்பாவும் நம்பி, ஃபார்வேர்டு பண்ணுவதைக் குறைத்துக்கொண்டார். அந்த அளவில் லாபம்.

எதிர்வீட்டு சார் மகனை உனக்கு நினைவிருக்கும், கண்ணாடி போட்டிருப்பான், டெக்சஸில் இருந்தானே. அவனுக்கு வேலை போயிற்று. எச்-1பி விசாவில் இருக்கிறவர்களுக்கு 60 நாள்தான் தருவார்களாம், அதற்குள் வேறு கம்பெனி கிடைக்க வேண்டும். அவன் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பதாவது நாள் சொன்னான். முதல் நாளே சொல்லியிருந்தால் சார் பணம் அனுப்பியிருப்பார், அவன் அங்கே கடன் வாங்கியிருக்க மாட்டான். இப்போது சென்னையில் நன்றாகத்தான் இருக்கிறான், காலையில் ஓடக்கூடப் போகிறான். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை, இரண்டு நாள் பேசியிருப்பார்கள், அப்புறம் அவர்கள் வீட்டு நாய் தொலைந்ததும் அதைப் பேசப் போய்விட்டார்கள். சும்மா எழுதினேன், உனக்குத் தெரிந்த பையன் என்பதால்.

அமெரிக்காவிலிருந்து 104 பேரை விலங்கு மாட்டி விமானத்தில் கொண்டுவந்து அமிர்தசரஸில் இறக்கியதை டிவியில் பார்த்ததிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் இல்லை. அது வேறு, அவர்கள் காகிதம் இல்லாமல் போனவர்கள் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீ காகிதங்களை ஒரே ஃபைலில் வை. எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து ஒரு செட் வேறு இடத்தில் வை. வேளாவேளைக்குச் சாப்பிடு. ஃபைலை ஒரே இடத்தில் வை.

உன்னைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, அதைச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் தலைமையாசிரியை முன்னால் நின்று உண்மையைச் சொன்ன பிள்ளை நீ. ஊரே உன்னைப் போல் ஒரு பெண் வேண்டும் என்றது. அந்தப் பெண்ணுக்கு இப்போது பெற்ற தாயிடம் "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்பதற்கு மேல் ஒரு வரி கிடைக்கவில்லை. இதே உளவுத்துறை இயக்குநர் நாற்காலியில் கிளாப்பர் என்று ஒருவர் இருந்தார். கோடிக்கணக்கான அமெரிக்கர்களைப் பற்றி விவரம் ஏதாவது சேர்க்கிறீர்களா என்று 2013 மார்ச்சில் செனட்டர் வைடன் கேட்டதற்கு, இல்லை சார் என்றார். மூன்று மாதத்தில் ஸ்னோடன் எல்லாவற்றையும் வெளியே போட்டுவிட்டார். கேட்ட வைடனுக்கு முன்பே விஷயம் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டார், அவர் வாயால் வரட்டும் என்று.

நம் பெரிய மாமா பம்பாயிலிருந்து வந்து நின்றபோது ஆச்சி என்ன கேட்டாள்? சாப்பிட்டியா என்று கேட்டாள். அப்புறமும் ஒன்றும் கேட்கவில்லை, சாகிறவரை கேட்கவில்லை. நானும் அந்த வீட்டில்தான் வளர்ந்தேன். எவன் கேட்டால் உனக்கென்ன ஏட்டி, அவர்களிடம் 52 பேர் ஓட்டுப் போட்ட தலைவி இருக்கிறாள், அவள் பார்த்துக்கொள்வாள். நான் காதில் வாங்கினால்தான் உனக்குக் கஷ்டமா?

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அவர் போட்டோவில் இளைத்திருக்கிறார் என்று சொன்னதாகச் சொல்ல வேண்டாம். நார்த்தங்காய் அவருக்குத்தான்.

மாடியில் உன் அறைக்கு வெள்ளை அடித்து, மேற்கு ஜன்னலுக்குக் கொசுவலை போட்டிருக்கிறோம். பள்ளிக்கூட வேன் இப்போது நம் தெரு வரைக்கும் வருகிறது. உன் பேரில் போட்ட வைப்புநிதி மார்ச் 18ல் முதிர்கிறது. எடுக்கவா, புதுப்பிக்கவா என்று ஒரு வார்த்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, அதை யார் படித்தாலும் பரவாயில்லை. எடுக்கச் சொன்னால் எதற்கு என்று கேட்க மாட்டேன், அப்பாவையும் கேட்கவிட மாட்டேன். பேங்க்காரர் பதினைந்தாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்.

அன்புடன்,
அம்மா