சுங்கை சிப்புட்டிலிருந்து சரசுவுக்கு

அன்புள்ள சரசு,

தீபாவளிக்குப் பிறகு நான் எழுதவே இல்லை, கோபிக்காதே. மூட்டு வலி தேவலையா? இங்கே எல்லாரும் சுகம். மேட்டு லயத்து அக்கா இன்னும் அந்த முறுக்கு அச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், கொடுத்துவிடடி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். படிவம் நான்கில் இருக்கும் பேத்தி, இயற்பியலை விட்டுவிட்டுக் கணக்கியல் எடுக்கப் போகிறாளாம். பெண்பிள்ளைக்கு இயற்பியல் சரிவராது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. படிவம் மூன்றோடு உன்னை நிறுத்தி ரப்பர் பால்வெட்டுக்கு அனுப்பினார்களே, அதுதான் கண்முன் நின்றது. கணக்கில் நீதானே என்னைவிடக் கெட்டி!

மறுநாள் அவளை, செம்பனை நட்டபோது தப்பிய அந்த ஒற்றைப் பால்மரத்திடம் கூட்டிப்போனேன். பழைய வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிகிறது. கண்ணாடியில் பார்த்தால் அது மாறித் தெரியும். அப்படி மாற்றி வெட்டினால் பால் குறையும். மரம் இடம் வலம் பார்க்கும். ஆனால் அணுவின் அடிப்படை விதிகள் அப்படிப் பார்க்காது என்றுதான் பெரிய அறிஞர்களே நம்பியிருந்தார்கள்.

1956-ல் லீ, யாங் என்ற இருவர் அதைச் சந்தேகித்தார்கள். சோதித்துக் காட்டியவர் சியென்-ஷியுங் வூ என்ற பெண். 1912-ல் சீனாவில் பிறந்தவர். பெண்பிள்ளைகளுக்கென்றே பள்ளிக்கூடம் திறந்த அப்பா அவருக்கு. அப்படி ஒரு அப்பா நமக்கு வாய்த்திருந்தால், சரசு!

கணவரோடு வெளிநாட்டுப் பயணம் போகக் கப்பலில் இடம் பிடித்திருந்தும், அவரை மட்டும் அனுப்பிவிட்டு ஆய்வுக்கூடத்திலேயே இருந்துவிட்டார். கோபால்ட்-60 என்ற கதிரியக்க அணுக்களை, தனிச்சுழி வெப்பநிலைக்கு, அதாவது அதற்குக் கீழே குளிரவே முடியாத அளவுக்கு, மேலே ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு வரைக்கும் குளிரவைத்தார். காந்தத்தால் அவற்றின் கருக்களை ஒரே பக்கமாகச் சுழல நிறுத்தினார். விதிகள் இடம் வலம் பார்க்காவிட்டால், அந்தக் கருக்களிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்கள் இரண்டு பக்கமும் சமமாகப் போயிருக்க வேண்டும். ஆனால் அவை இரண்டு பக்கமும் சமமாகப் போகவில்லை, ஒரு பக்கமே அதிகம். இயற்கையும் இடம் வலம் பார்க்கிறது!

1957-ல் நோபல் பரிசு லீக்கும் யாங்குக்கும் போனது. வூவுக்கு இல்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. 1978-ல் இயற்பியலுக்கான முதல் உல்ஃப் பரிசு அவருக்குக் கிடைத்தது என்பதில் கொஞ்சம் ஆறுதல்.

பேத்தி ஒன்றும் பேசவில்லை. வெட்டுத் தழும்பை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். அப்புறம், "அவங்க அப்பா மாதிரி இங்கே யாரு பாட்டி?" என்றாள்.

பாடம் மாற்றும் பாரத்தைத் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை நீ அவளைக் கூப்பிட்டுப் பேசு. விடியுமுன் வாளியைத் தூக்கிக்கொண்டு பால்காட்டுக்குப் போன கதையை நீயே சொல். நான் சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன்.

உன்
பார்வதி