மெஷினுக்கு முன்னால் காற்றைப் பார்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று மூன்று ஏர் பியூரிஃபையர்களின் படத்தை அனுப்பி, "அப்பா, இதில் எதை வாங்கட்டும்?" என்று கேட்டாய். நான் உடனே பதில் சொல்லாததில் உனக்கு வருத்தம் என்று அம்மா சொன்னாள். குழந்தை ராத்திரியெல்லாம் இருமுகிறாள், நீ தவிக்கிறாய், எனக்குப் புரிகிறது. ஆனால் வெறும் படத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாதம்மா. பெரிய கட்டடங்களின் ஏசி பிளான்டில் முப்பது வருஷம் ஃபில்டர் மாற்றியவன் நான். மெஷினுக்கு முன்னால் காற்றைப் பார் என்பதுதான் அங்கே நான் முதலில் படித்த பாடம். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

உன் பகுதியின் காற்றுத் தர எண்ணைத் தினமும் பார்க்கிறாய், நல்லது. அந்த எண்ணைக் கணக்கிடும் முறை நாட்டுக்கு நாடு மாறும். ஒரே காற்றுக்கு இரண்டு செயலிகள் இரண்டு எண் காட்டினால் குழம்பாதே. செயலியைத் திறந்து, உள்ளே பி.எம். 2.5 எத்தனை மைக்ரோகிராம் என்று போட்டிருப்பதைப் பார். 2.5 மைக்ரானும் அதற்குக் கீழேயும் உள்ள தூசி அது. ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 2.5 மைக்ரான் என்பது தலைமுடியின் தடிமனில் சுமார் 30-ல் ஒரு பங்கு. மூக்கும் தொண்டையும் தடுக்க முடியாமல் நுரையீரலின் அடிவரை போவது இதுதான். ஒரு கன மீட்டர் காற்றில் இது ஒரு நாள் சராசரியாக 15 மைக்ரோகிராமையும், வருஷச் சராசரியாக 5 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது. 2005-ல் அவர்களே 25, 10 என்று வைத்திருந்தார்கள். ஆராய்ச்சி கூடக்கூட அளவு இறங்கியிருக்கிறது.

ஒரு நாள் எண்ணைப் பார்த்து முடிவெடுக்காதே. வருஷம் முழுவதும் எப்படி ஏறி இறங்குகிறது, எந்த மாதத்தில் மோசம், ஒரே நாளில் எந்த நேரத்தில் மோசம் என்று பார். குளிர்ந்த, காற்றில்லாத இரவுகளில் புகை மேலே போக வழியில்லாமல் தரையோடு தங்கிவிடும். அதனால் விடியற்காலையில் ஜன்னலைத் திறப்பது பல இடங்களில் தப்பாகிவிடுகிறது. உன் வீட்டுக்கு எது நல்ல நேரம் என்பதை செயலியில் இருக்கிற வரைபடம் சொல்லிவிடும்.

அடுத்தது, அந்தக் காற்றில் என்ன இருக்கிறது? எல்லாரும் தாண்டிப் போகிற இடம் இது. கட்டுமானத் தூசி, மகரந்தம், மண் என்றால் பெரிய துகள்கள். சாதாரண மடிப்பு ஃபில்டரே அவற்றில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். வண்டிப் புகை, எரிக்கிற புகை என்றால் துகள் ஒரு மைக்ரானுக்கும் கீழே. அதற்கு ஹெப்பா என்கிற மிக நெருக்கமான இழை ஃபில்டர் வேண்டும். வாடை, பெயின்ட் நெடி, ரசாயன ஆவி என்றால் அது வாயு. எப்பேர்ப்பட்ட ஹெப்பாவும் வாயுவைப் பிடிக்காது. அதற்கு கரி, அதாவது ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும். நீ அனுப்பிய இரண்டாவது மெஷினில் கார்பன் என்று போட்டிருக்கிறது, ஆனால் படத்தில் தெரிவது கரி பூசிய மெல்லிய பஞ்சு. அது சில வாரங்களில் நிறைந்துபோகும். உன் ஜன்னலுக்குக் கீழே பெரிய சாலை இருக்கிறது, அதனால் உனக்குத் துகளைப் பிடிக்க ஹெப்பாவும் வேண்டும், ஓரளவு கரியும் வேண்டும். கையில் எடுத்தால் கனக்கிற அளவுக்குக் கரிக்குருணை இருக்கிற ஃபில்டரைத் தேடு.

ஹெப்பா என்றால் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பது. அதைவிடச் சின்னது தப்பித்துவிடாதா என்று மாப்பிள்ளை கேட்டாராம். நல்ல கேள்வி. பெரிய துகள் நேராகப் போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். மிகச் சின்னது காற்றின் மூலக்கூறுகள் இடித்து இடித்துத் தாறுமாறாக அலையும், அப்படி அலைந்தே இழையில் போய் மாட்டும். இரண்டுக்கும் நடுவில், ஏறக்குறைய 0.3 மைக்ரானில் இருப்பதுதான் பிடிக்கக் கஷ்டமானது. அதனால்தான் அந்த அளவில் சோதிக்கிறார்கள். அதைவிடச் சின்னதும் பெரியதும் இன்னும் நன்றாகவே மாட்டும். ஆனால் "ஹெப்பா டைப்", "ஹெப்பா மாதிரி" என்று எழுதியிருந்தால் அந்தச் சோதனையைத் தாண்டியது என்று அர்த்தமில்லை. மூன்றாவது மெஷினின் படத்தைப் பெரிதாக்கிப் பார், அப்படித்தான் போட்டிருக்கிறது. அதை விட்டுவிடு.

இப்போது அறையின் அளவு. ஃபில்டர் எவ்வளவு உசத்தியானாலும், அறைக் காற்று முழுவதும் அதன் வழியாகத் திரும்பத் திரும்பப் போகாவிட்டால் பயனில்லை. மெஷின் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு சுத்தமான காற்றைத் தருகிறது என்பதற்கு சி.ஏ.டி.ஆர். என்று ஒரு எண் உண்டு. குழந்தை தூங்கும் அறை 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள். 36 கன மீட்டர். மணிக்கு ஐந்து தடவை காற்று மாற வேண்டுமானால் 180 கன மீட்டர் வேண்டும். ஆனால் அந்த எண்ணை மெஷினை முழு வேகத்தில் ஓடவிட்டு அளக்கிறார்கள். ராத்திரி அந்த இரைச்சலில் குழந்தை தூங்குமா? நீ வேகத்தைக் குறைப்பாய், காற்றும் பாதியாகும். அதனால் கணக்கில் வருவதைப் போல இரண்டு மடங்கு எண் உள்ளதை வாங்கி, மெதுவாக, நாள் முழுக்க ஓட விடு.

குழாய் வழி வருகிற உங்கள் வீட்டு ஏசியின் ஃபில்டரையும் மாற்றலாமா என்று கேட்டாய். அங்கே மெர்வ் என்ற எண்ணைப் பார், ஃபில்டர் எவ்வளவு நன்றாகப் பிடிக்கும் என்பதைச் சொல்வது அது, கூடக்கூட நல்லது. மெர்வ் 8 பெரிய தூசிக்குச் சரி, மெர்வ் 13 புகையிலும் பாதிக்குக் குறையாமல் பிடிக்கும். ஆனால் ஃபில்டர் நெருக்கமாக ஆக ஆக மோட்டாருக்கு இழுக்கச் சிரமம். உங்கள் மெஷின் எவ்வளவு தாங்கும் என்று மெக்கானிக்கிடம் கேட்காமல் போடாதே. இடம் இருந்தால் தடிமனான, மடிப்பு அதிகமுள்ள ஃபில்டர் போடு. பரப்பு கூடினால் காற்று சுலபமாகப் போகும்.

ஒரு ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்கிறேன். ஆபரேஷன் அறைக்கு நல்ல ஃபில்டர் போட்டோம், ஆனாலும் துகள் எண்ணிக்கை இறங்கவில்லை. மூன்று நாள் தேடினோம். கடைசியில் ஃபில்டரைப் பொருத்தும் சட்டத்தின் ஓரத்தில், ரப்பர் சரியாக உட்காராத ஓர் இடத்தில், நகக்கண் அளவு இடைவெளி இருந்தது. அதை அடைத்ததும் எண்ணிக்கை இறங்கிவிட்டது. எதிர்ப்பு குறைவான வழி கிடைத்தால் காற்று அங்கேதான் போகும். அன்று அந்தச் சட்டத்தில் விரலை ஓட்டிப் பார்த்தது இன்னும் என் கையில் இருக்கிறது. நீ எந்த ஃபில்டர் போட்டாலும் நான்கு ஓரத்தையும் விரலால் தடவிப் பார். காற்றின் திசையைக் காட்டும் அம்புக்குறியையும் பார்த்துப் போடு.

மாப்பிள்ளைக்குப் பிடித்த அயனி வசதி, அதாவது காற்றுக்கு மின்னூட்டம் கொடுத்துத் தூசியைப் படிய வைப்பது, வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். அவற்றில் சில ஓசோனை உண்டாக்கும். இருமுகிற குழந்தையின் மூச்சுக்குழாயை ஓசோன் இன்னும் எரிச்சலாக்கும். அந்த வசதி இருந்தே தீரும் என்றால், அதைத் தனியாக அணைத்து வைக்க முடிகிற மெஷினாக வாங்கு.

இன்னொன்று, எந்த ஃபில்டரும் ஆக்சிஜன் தராது. நாள் முழுக்க மூடிய அறையில் நாம் விடுகிற மூச்சுக்காற்று சேரும், தலை கனக்கும். வெளிக்காற்று நன்றாக இருக்கிற நேரத்தில் ஜன்னலைத் திறந்துவிடு. சமைக்கும்போது புகைபோக்கியைப் போடு. வீட்டுக்குள் எதையும் கொளுத்தாதே. உள்ளே உண்டாகிற புகையை நிறுத்துவது எந்த மெஷினையும்விட மேல்.

எல்லாவற்றுக்கும் முன்னால் குழந்தையை டாக்டரிடம் காட்டு. இருமலுக்குக் காற்றுதான் காரணமா என்று அவர் சொல்லட்டும்.

சரி, இப்போதைக்கு முதல் மெஷின்தான் எனக்குத் தேவலாம் என்று படுகிறது, ஆனால் அதன் சி.ஏ.டி.ஆர். எண்ணை நீ அனுப்பவில்லை. குழந்தையின் அறையை நாடா வைத்து அளந்து, நீளம், அகலம், உயரம் மூன்றையும் அந்த எண்ணையும் அனுப்பு. மாற்று ஃபில்டர் உங்கள் பக்கம் சுலபமாகக் கிடைக்கிறதா என்பதையும் விசாரி. மாற்ற முடியாத ஃபில்டர் ஒரு வருஷத்தில் வெறும் பெட்டி.

அன்புடன்,
அப்பா

பி.கு.: புது ஃபில்டர் பிளாஸ்டிக் உறைக்குள் வரும். அதைப் பிரித்துவிட்டுத்தான் மெஷினை ஓட்ட வேண்டும். ஹெப்பாவைத் தண்ணீரில் கழுவாதே. முன்னால் இருக்கிற வலையை மட்டும் அவ்வப்போது சுத்தம் செய்தால் போதும்.