ஆராய்ச்சி தொடங்குமுன் பெரியம்மாவைக் கேள்

அன்புள்ள கயல்,

கல்லீரல் நோயால் வரும் மனக்குழப்பத்தை எம்.ஆர்.ஐ. வைத்து ஆராயப் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்குப் பெரியப்பா நினைவாகவே இருக்கிறது. அப்போது நீ சின்னப் பெண், உனக்குப் பாதி தெரியாது.

அவர் ஒரு சொட்டு குடித்ததில்லை. சர்க்கரையும் கொழுப்புக் கல்லீரலும் சேர்ந்து, கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸில் கொண்டுவிட்டது. ஆனாலும் பெங்களூரு அல்சூரில் எங்கள் தெருவே அவரைக் குடிகாரர் என்றது. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் மாறியது தூக்கம். பகலெல்லாம் உறங்குவார், ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருப்பார். அப்புறம் பால் கணக்கு நோட்டில் எழுத்து கோணியது. எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டார். கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு படபடவென்று அடிக்கும். இதையெல்லாம் டாக்டருக்கு முன்பே கண்டவர் உன் பெரியம்மா. மலச்சிக்கல் வந்தால் பேச்சு தடுமாறும் என்று அவருக்குத் தெரியும். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் கொடுத்து, நாளைக்கு 2, 3 முறை இளக்கமாகப் போனால்தான் அவருக்கு நிம்மதி. குடலில் உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக்கக் கல்லீரலுக்குத் தெம்பில்லை, அது மூளைக்கு ஏறுகிறது என்று நான்தான் அவருக்கு விளக்கினேன்.

மூளையில் ரத்தக்கசிவு உண்டா என்று பார்க்க சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ஒன்றுமில்லை. "ஸ்கேன் நார்மல்தானே, அப்புறம் ஏன் இப்படிப் பண்றார்?" என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். அதனால்தான் எம்.ஆர்.ஐ. மெஷினிலேயே செய்யலாம் என்று நீ சொன்ன ஸ்பெக்ட்ராஸ்கோபி எனக்குப் பெரிதாகப் படுகிறது. மூளையின் உருவத்தை விட்டுவிட்டு அதற்குள் இருக்கும் வேதிப்பொருளை அளக்கிறதே! மூளையில் நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் அம்மோனியாவைப் பிடித்துக் குளூட்டமைன் என்ற பொருளாக ஆக்குகின்றன. அது சேரச் சேர உள்ளே தண்ணீர் ஏறுகிறது. அதை ஈடுகட்ட, தங்களுக்குள் இருக்கும் மையோ-இனோசிட்டால் என்ற இன்னொரு பொருளை வெளியே தள்ளுகின்றன. ஒன்று கூடுவதும் மற்றது குறைவதும் அளவில் தெரிகிறது. பெரியப்பா நடிக்கவில்லை என்று காட்ட அன்று எங்கள் கையில் இப்படி ஒன்று இல்லை. மூளையின் ஆழத்தில் இருக்கும் குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதியில் மாங்கனீசு படிந்து எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளையாகத் தெரிவதும் உண்டு; ஆனால் அதை வைத்து அன்றன்றைய குழப்பத்தைச் சொல்ல முடியாது என்றாய்.

ஸ்கேனுக்கு வருகிறவரின் வீட்டுக்காரர்களை உட்காரவைத்துப் பேசு, கயல். நேற்று எப்படித் தூங்கினார், கையெழுத்து எப்படி இருந்தது, எத்தனை முறை வெளிக்குப் போனார் என்று கேட்டுத் தேதியோடு எழுதிவை. ஒரே ஆளைக் குழம்பிய நாளிலும் தெளிந்த நாளிலும் ஸ்கேன் எடுக்கப் பார். ரொம்பக் குழம்பியவரால் அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுக்க முடியாதுதான், லேசாகத் தடுமாறுகிறவர்களையாவது எடு. சம்மதத்தை அவர் தெளிவாக இருக்கும்போது கேள். மறுநாள் இன்னொரு தடவை கேள்.

பெரியம்மா உன்னிடம் பேசத் தயாராக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூப்பிடு, ஒரு மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா