குன்றக் கூறலும் மிகைபடக் கூறலும்: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்வழி வகுப்புகளுக்குப் பாடநூல் எழுதும் குழுவினருக்கு,

வணக்கம். 23 ஆண்டுகளாக உயர்நிலை வகுப்புகளுக்குக் கணிதம் நடத்தி வருகிறேன். பிற ஆசிரியர்கள் விடுப்பில் இருக்கும் நாள்களில் தமிழ், அறிவியல், சமூக அறிவியல் பாடவேளைகளிலும் உட்கார்ந்து, மாணவரோடு சேர்ந்து அந்தப் புத்தகங்களைப் படிக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்திருக்கிறது. அவ்வாறு படித்ததில் மனத்தில் தங்கிய ஒரே ஒரு குறையைப் பற்றியே இம்மடல். எதை வெளிப்படச் சொல்ல வேண்டும், எதைப் படிப்பவரே கண்டுகொள்ள விட வேண்டும் என்பது பாடத்துக்குப் பாடம் மாறக்கூடியது. நான் கையாண்ட புத்தகங்களில் அது பல இடங்களில் தலைகீழாக இருந்தது.

பத்தாம் வகுப்பில் ஒருநாள், 'ஓர் எண்ணின் வர்க்கம் அந்த எண்ணின் ஐந்து மடங்குக்குச் சமம் எனில் அந்த எண் எது?' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன். முன்வரிசையில் இருந்த மாணவி இருபுறத்தையும் அந்த எண்ணால் வகுத்து, 5 என்று விடை எழுதி நோட்டை நீட்டினாள். பூஜ்ஜியமும் விடைதானே என்று கேட்டேன். "புத்தகத்துலயும் இப்படித்தான் சார் வகுத்திருக்காங்க" என்று ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் புரட்டிக் காட்டினாள். அவள் சொன்னது உண்மைதான். அந்தக் கணக்கில் வகுக்கும் எண் ஒரு வயலின் நீளம். நீளம் பூஜ்ஜியமாக இருக்க முடியாது என்பதால் வகுத்தது சரியே. ஆனால், 'இது பூஜ்ஜியம் அன்று. ஆகவே வகுக்கலாம்' என்னும் ஒரு வரி அங்கே இல்லை. எழுதியவருக்கு அது சொல்லாமலே விளங்கியிருக்கும். படிக்கிற பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொண்டதோ, எதையும் எதனாலும் வகுக்கலாம் என்பதை.

பகா எண்ணுக்கான வரையறையிலும் இதே கதைதான். '1ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும் எண்' என்று மனப்பாடம் செய்த மாணவன், 1 பகா எண்ணா என்று கேட்டால் திகைத்துப்போகிறான். அந்த வரையறையின்படி ஆம் என்பதே நியாயமான விடை. '1ஐ விடப் பெரிய' என்னும் சொற்கள் வரையறைக்குள்ளேயே இருக்க வேண்டும். ஏன் என்பதையும் சொல்லிவிடலாம்: 1ஐயும் பகா எண்ணாக ஏற்றால் 12ஐ 2, 2, 3 என்று ஒரே விதமாகப் பகுக்க முடியாமல், எத்தனை ஒன்றுகளை வேண்டுமானாலும் உடன் சேர்த்துக்கொள்ளலாம் என்றாகிவிடும். சொல்லாமல் விடுவது பெரியவர்களுக்கும் நேர்வதுதான். கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட்டின் முதல் தேற்றம் ஒரு கோட்டுத்துண்டின் இரு முனைகளிலிருந்தும் வட்டங்கள் வரைந்து, அவை வெட்டும் புள்ளியைக் கொண்டு சமபக்க முக்கோணம் அமைக்கிறது. அந்த வட்டங்கள் வெட்டித்தான் ஆக வேண்டும் என்பதற்கு அவர் வகுத்த எடுகோள்களில், அதாவது நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் கூற்றுகளில், ஆதாரம் எதுவும் இல்லை. அவர் சொல்லாமலே எடுத்துக்கொண்டவற்றில் பலவற்றை ஜெர்மானியக் கணித அறிஞர் டேவிட் ஹில்பர்ட் எடுகோள்களாக வரிசைப்படுத்தி வெளியிட்டது 1899இல்தான்.

அறிவியலில் நிபந்தனைதான் பாதிப் பாடம். நீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் என்று மட்டும் படித்த பிள்ளை ஊட்டிக்குப் போனால், அங்கே ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதிக்கும் நீரில் அரிசி வேக ஏன் நேரமாகிறது என்பதற்கு அவளிடம் விடை இருக்காது. 'கடல்மட்டக் காற்றழுத்தத்தில்' என்னும் தொடரை அலங்காரமாக நினைத்து வெட்டிவிடக் கூடாது.

இனி, மறுபக்கம். நன்னூல் என்னும் இலக்கண நூலின் முன்னுரையான பொதுப்பாயிரம், நூலுக்குரிய குற்றங்கள் பத்தில் குன்றக் கூறலை, அதாவது வேண்டியதைவிடக் குறைத்துச் சொல்வதை, முதலாவதாகவும், மிகைபடக் கூறலை, அதாவது வேண்டியதைவிட அதிகமாகச் சொல்வதை, இரண்டாவதாகவும் வைக்கிறது. அதே பாயிரம் 32 உத்திகளைப் பட்டியலிட்டு, உய்த்துணர வைப்பு, அதாவது படிப்பவரே சிந்தித்து உணரும்படி விடுவது, என்பதைக் கடைசியாகச் சொல்லி முடிக்கிறது. கணிதப் பகுதிகளில் நான் கண்ட குற்றம் முதலாவது. செய்யுள் பகுதிகளில் கண்டது இரண்டாவது.

குறுந்தொகையின் 25ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். கபிலர் பாடியது. தலைவன் தன்னோடு கூடிய அன்று அங்கே வேறு யாரும் இல்லை, அவன் ஒருவனே இருந்தான், அவனே பொய்த்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. பிறகு, நினைவுக்கு வந்ததுபோல, ஒரு குருகும் இருந்தது என்கிறாள்: தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால்களோடு ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த குருகு. பாட்டு அங்கே நின்றுவிடுகிறது. மீனின் மேலேயே கண்ணாக இருந்த பறவை வேறு எதைப் பார்த்திருக்கும், பார்த்திருந்தாலும் யாரிடம் போய்ச் சொல்லும் என்று பாட்டு எங்கேயும் சொல்லவில்லை. நான் பதிலாளாகப் போன ஒரு வகுப்பில், பாட்டைப் படிக்கும் முன்பே ஒரு மாணவன் கையை உயர்த்தி, 'சாட்சி சொல்ல ஆளில்லாத தலைவியின் கையறுநிலையைக் குருகு உணர்த்துகிறது' என்று ஒப்பித்துவிட்டான். பாட்டுக்கு மேலேயே அச்சிட்டிருந்த முன்னுரையில் இருந்த வரி அது. அதற்குப் பிறகு அந்த வகுப்பில் யாருக்கும் குருகு தெரியவில்லை.

சொற்பொருளை விட்டுவிடச் சொல்கிறேன் என்று எண்ண வேண்டா. ஆரல் என்ன மீன், தினைத்தாள் எவ்வளவு மெல்லியது என்பவற்றை எழுதத்தான் வேண்டும். அவற்றை விட்டால் அதுவும் குன்றக் கூறலே. சொல்லுக்குப் பொருள் தாருங்கள், குறிப்புக்கு வேண்டா. குருகு ஏன் மீனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒரு வினாவைப் பாட்டுக்குக் கீழே போட்டால் போதும். தேர்வு விடைக்குறிப்பில் ஒரே விடைதான் இருக்க வேண்டும் என்னும் நெருக்கடி உங்களுக்கு உண்டு என்பதை அறிவேன். ஆனாலும் அந்த நெருக்கடியைப் பாட்டின் தலையில் ஏற்ற வேண்டியதில்லை.

வரலாற்றில் சிக்கல் வேறு வகையானது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டவை, குடவோலை முறைக்கான, அதாவது ஊர் வாரியம் என்னும் குழுவுக்குக் குடத்தில் இட்ட ஓலைகளை எடுத்து உறுப்பினரைத் தேரும் முறைக்கான, விதிகளை வெளிப்படையாகவே கூறுகின்றன: கால் வேலிக்கு (வேலி ஒரு நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. இவ்வளவும் கல் சொல்வது. அந்த ஊரில் நிலமில்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் வாரியத்தில் இடமில்லை என்பதும், கணக்குக் காட்டாமல் நழுவிய ஆள்கள் அதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளிலிருந்து நாம் பெறுவது. பகலில் உண்ணாத சாத்தன் பருத்திருக்கிறான் என்றால் இரவில் உண்கிறான் என்று கொள்வதை அருத்தாபத்தி என்பார்கள்; அதே வேலைதான் இங்கும். 'சோழர் காலத்தில் மக்களாட்சி தழைத்தது' என்று புத்தகம் எழுதும்போது, இது கல்லின் கூற்றா, ஆசிரியரின் ஊகமா என்று மாணவருக்குத் தெரியவே வழியில்லை.

இதற்கு நம் உரையாசிரியர்களிடமே வழி இருக்கிறது. மூலத்தில் சொல்லில் இல்லாததைத் தாம் கொள்ளும் இடத்தில் அவர்கள் 'என்பது பெற்றாம்' என்று எழுதி, தம் ஊகத்துக்கு அடையாளம் வைத்துவிடுவார்கள். 'கல்வெட்டு கூறுகிறது' என்றும் 'இதிலிருந்து பெறப்படுகிறது' என்றும் இரண்டு தொடர்களை வரலாற்று நூல் முழுவதும் பிசகாமல் ஆண்டாலே போதும். குடிமையியலுக்கும் அது பயன்படும்: அரசமைப்பின் 21ஆம் பிரிவில் அந்தரங்க உரிமை என்னும் சொல்லே இல்லை, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான உரிமைக்குள் அது அடங்கும் என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். அடுத்த பதிப்பின் கணித வரைவை அச்சுக்கு அனுப்பும் முன் தமிழாசிரியர் ஒருவரிடம் கொடுத்து, தமக்குத் தடுக்கும் இடங்களையெல்லாம் பென்சிலால் குறித்துத் தரச் சொல்லுங்கள். கணிதம் அறிந்தவர் கவனிக்காமல் தாண்டிப் போகும் இடத்தில்தான் அவர் நிற்பார். செய்யுள் பகுதியின் முன்னுரையைத் தாளால் மறைத்துவிட்டுப் பாட்டை மட்டும் பத்துப் பிள்ளைகளிடம் கொடுத்து, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள். அவர்களே சொல்லிவிடுவதை முன்னுரையிலிருந்து எடுத்துவிடலாம். என் வகுப்புகளில் பிள்ளைகள் தடுக்கிய கணித வரிகளைப் பக்க எண்ணோடு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். குழு கேட்டால் அதன் நகலை அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்