லாக்கா பிடித்த கேட்ச்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ டீம் லீடர் ஆனதை மாமாவிடம் சொன்னேன், ரொம்ப சந்தோஷப்பட்டார். உன்னையும் சேர்த்து 11 பேர் என்று நீ சொன்னதுமே எனக்கு 'லகான்' இந்திப் படம்தான் ஞாபகம் வந்தது. மாமா பம்பாயிலிருந்து லீவில் வந்திருந்தபோது சிடி எடுத்து வந்து, வசனத்தை எல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டே போட்டுக் காட்டினாரே. கிட்டத்தட்ட மூன்றே முக்கால் மணி நேரப் படம். பாதியில் தூங்கச் சொன்னதற்கு நீ அழுதாய்.

1893இல் நடக்கிற கதை. மழையில்லாத ஊர். கிரிக்கெட்டில் ஜெயித்தால் 3 வருஷம் வரி கிடையாது, தோற்றால் மூன்று மடங்கு என்று வெள்ளைக்கார கேப்டன் பந்தயம் கட்டுகிறான். ஊர்ப் பையன் புவன் யாரையும் கேட்காமல் ஒத்துக்கொண்டு ஊரிடம் திட்டு வாங்குகிறான். அவனுக்குப் பதவி ஒன்றும் கிடையாது. ஒவ்வொருத்தராகத்தான் ஆள் சேர்க்கிறான்.

எல்லாரும் கச்ராவைப் பற்றித்தான் பேசுவார்கள். ஊர் தீண்டாமல் ஒதுக்கி வைத்தவன், கை ஊனம், பேருக்கே குப்பை என்று அர்த்தம். அவனைச் சேர்த்தால் ஆட மாட்டோம் என்று மற்றவர்கள் முறுக்கிக்கொண்டபோது புவன் விட்டுக்கொடுக்கவில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் நடப்பது. மேட்சின் முதல் நாள் புதுப் பந்து, கச்ராவுக்குச் சுழலவே இல்லை. இவன் ஆக மாட்டான் என்று புவன் ஓரங்கட்டவில்லை. மறுநாள் பந்து தேய்ந்ததும் திரும்பக் கூப்பிட்டுக் கொடுக்கிறான், அடுத்தடுத்து மூன்று விக்கெட்.

ஆனால் இந்தக் கடிதம் அதே டீமில் ஆடிய லாக்காவுக்காகத்தான். காசுக்காக இல்லை, ஒரு பெண் மேல் வைத்த ஆசையிலும் பொறாமையிலும் எதிரிக்கு உளவு சொன்னவன். மேட்சில் வேண்டுமென்றே கேட்சை விடுகிறான். விஷயம் தெரிந்து ஊரே அடிக்கத் துரத்த, கோயிலுக்குள் ஓடிப் புகுந்துகொள்கிறான். புவன் உள்ளே போகிறான். ஏன் செய்தாய் என்று கேட்கிறான், அவன் சொல்வதைக் கேட்கிறான். வெளியே வந்து, இவனும் ஆடுவான் என்று ஊருக்கு முன்னால் நிற்கிறான். மறுநாள் லாக்கா பாய்ந்து ஒற்றைக் கையில் பிடித்தானே ஒரு கேட்ச்!

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னாய், டீமில் ஒரு பையன் செய்த தப்பை இரண்டு நாள் மறைத்துவிட்டான், அவனைத் தூக்கப் போகிறேன் என்று. உன் கோபம் நியாயம்தான். ஆனாலும் நான் செய்த ஒன்றை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

சத்துணவு மையத்தில் நான் அமைப்பாளராக இருந்த காலம். உதவியாளராக இருந்த பெண் ஒருநாள் இரண்டு அவித்த முட்டையை முந்தானையில் முடிந்துகொண்டதைப் பார்த்துவிட்டேன். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கிறார்கள். அத்தனை பேர் முன்னால் அவிழ்த்துக் காட்டச் சொன்னேன். கை நடுங்கி ஒரு முட்டை கீழே விழுந்து உடைந்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து ஓட்டைப் பொறுக்கித் தரையைத் துடைத்துவிட்டுப் போனாள், மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. ஐந்து வருஷம் என்னோடு அடுப்படியில் வெந்தவள். ஏன் எடுத்தாய் என்று நான் கேட்கவே இல்லை. இன்று வரை எனக்குத் தெரியாது.

நீ அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேள், தம்பி. கேட்ட பிறகும் சரிவராது என்று பட்டால் உன் முடிவை எடு, நான் குறுக்கே வர மாட்டேன்.

முறுக்கு சுட்டு பார்சல் போட்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். 11 பேருக்கும் எண்ணித்தான் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா